வாலடைல் என்றால் முன்கூட்டிச் சொல்ல முடியாதது என்று மட்டும்தான் பொருளா? மல்லி விலையை வைத்து ஒரு சந்தேகம்

#1 உசிலம்பட்டிப் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலப் பகுதியில் ஒத்த பொருள் கேட்கும் கேள்விகளில் ‘வாலடைல்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. கைடில் அதற்கு நேராக ‘அன்பிரடிக்டபிள்’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வகுப்பில் இதே சொல்லுக்கு ‘எளிதில் ஆவியாகக்கூடியது’ என்று படித்திருக்கிறோம். ஈதர், அசிட்டோன், பெட்ரோல் எல்லாம் வாலடைல். ஆவியாவதற்கும் முன்கூட்டிச் சொல்ல முடியாததற்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்றும் மனதைக் குடைகிறது. எங்கள் வீட்டில் மல்லிப் பூ போட்டிருக்கிறோம். இங்கிலீஷ் பேப்பரில் மல்லி விலையைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். அப்பாவிடம் படித்துக் காட்டி, “விலை எப்படிப் போகும்னு யாராலயும் சொல்ல முடியாதாம்ப்பா” என்றேன். “ஏன் சொல்ல முடியாது? மார்கழி, தைப் பனியில செடி மொட்டு வைக்காது, விலை ஏறும். சித்திரை வெயில்ல கொத்துக் கொத்தாப் பூக்கும், விலை படுத்துரும். இது ஊருக்கே தெரியுமே” என்றார். அவர் சொல்வதும் சரிதானே? ஊருக்கே தெரிந்த ஒன்றுக்கு இந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? இது எங்கிருந்து வந்த சொல் என்று தெரிந்தால் குழப்பம் தீரும் என்று தோன்றுகிறது.

#2 வைகைக்கரை

தேர்வில் ஒரு கேள்விக்கு அரை நிமிஷம்தான் கிடைக்கும். வேதியியலில் ஒரு பொருள், மற்ற இடங்களில் ஒரு பொருள் என்று இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போதும். வேரைத் தேடிப் போனால் படிக்க வேண்டிய மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

#3 சோழவந்தான் வாசகர்

வைகைக்கரை தம்பி, வேர் தெரிந்தால்தான் இந்தச் சொல் மனதில் நிற்கும். மனப்பாடம் செய்தது நாலு நாளில் போய்விடும். இரண்டும் ஒரே சொல்தான் அம்மா. கதை நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

லத்தீனில் ‘வோலாரே’ என்றால் பறப்பது. அதிலிருந்து ‘வோலாட்டிலிஸ்’, சிறகுள்ள, பறக்கிற என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது இது முதலில் பெயர்ச்சொல்லாகத்தான் வந்தது. பொருள், பறவை. 14ஆம் நூற்றாண்டில் விக்லிஃப் பெயரில் வழங்கும் ஆங்கில பைபிளில் மத்தேயு 22ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ராஜா தன் மகன் கல்யாண விருந்துக்கு ஆட்களை அழைக்கச் சொல்கிற இடம். விருந்துக்காகக் காளைகளோடு சேர்த்து அடித்து வைத்திருப்பவை ‘வாலடைல்கள்’. அதாவது கோழியும் வாத்தும் போல விருந்துக்கு ஆகும் பறவைகள்.

உரிச்சொல்லாக ஆவியாகிற பொருளுக்கு வந்தது 1600 வாக்கில். மனிதனின் குணத்துக்கு, நிலையில்லாத மனசு என்ற பொருளில், 1640களில் வந்துவிட்டது. சந்தை, அரசியல், நாட்டு நிலவரம் என்று இன்று நாம் பார்க்கும் இடங்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான் பரவியது.

நடுவில் பாலமாக இருந்தவர்கள் ஐரோப்பிய ரசவாதிகள். தங்கம், வெள்ளி, ஈயம் இவற்றைத் தீயில் வைத்தால் உருகிச் சட்டியிலேயே கிடக்கும். பாதரசம், நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு), கந்தகம், அரிதாரம் (மஞ்சள் நிற ஆர்செனிக் தாது) இவற்றை வைத்தால் புகையாக எழும்பிப் போய்விடும். சட்டியில் தங்குபவற்றை ‘உடல்’ என்றும், எழும்பிப் போகிற இந்த நாலையும் ‘ஆவி’ என்றும் வகைப்படுத்தினார்கள். ஆவி என்கிற தமிழ்ச் சொல்லுக்கும் உயிர், நீராவி என்று இரண்டு பொருளும் இருப்பதைக் கவனியுங்கள். சாஸர் என்ற 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர், ரசவாதம் பற்றிப் பேசும் கதையில் இதே நாலு ஆவிகளை வரிசையாகச் சொல்கிறார். ரசவாத நூல்களின் படங்களில் தங்கி நிற்கும் பொருளைச் சிறகில்லாத நாகமாகவும், எழும்பிப் போகும் பொருளைச் சிறகுள்ள நாகமாகவும் வரைவார்கள். நவச்சாரத்துக்குக் கழுகுதான் குறி. பறவையைச் சொன்ன சொல் பட்டறைச் சட்டிக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

#4 பூக்கமிஷன்

நான் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆங்கிலத்தில் வேர் எல்லாம் எனக்குத் தெரியாது. மல்லி விலை பற்றித் தங்கச்சி கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

உங்கள் அப்பா சொன்னது வருஷக் கணக்கு. அது சரி. கோடையில் கிலோ 200, 300 ரூபாய்க்குக் கேட்க ஆள் இல்லாமல் கிடக்கும் பூ, பனிக்காலத்தில் பொங்கலை ஒட்டிய முகூர்த்தங்களில் 3,000 ரூபாயைத் தாண்டிப் போயிருக்கிறது. இந்த ஏற்றம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் கடையில் பார்ப்பது வேறு கணக்கு. விடிகாலையில் முதல் மூட்டை பிரிக்கும்போது ஒரு விலை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ வண்டி வண்டியாக வந்து இறங்கினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் வேறு விலை. வெளியூருக்குப் பூ அனுப்புகிற வியாபாரி திடீரென்று நூறு கிலோ கூடுதலாகக் கேட்டால் மறுபடி ஏறும். வெயில் ஏறி மொட்டு வாய் திறக்க ஆரம்பித்துவிட்டால், விவசாயி கொண்டுவந்ததை எந்த விலைக்காவது தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். நெல்லு மாதிரி குதிரில் போட்டு வைக்க முடியாது. ஐஸ் வைத்தாலும் எத்தனை நேரம் தாங்கும்? மிச்சப் பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போகும், அங்கே கொடுப்பது அடிமாட்டு விலை.

தை மாசம் விலை ஏறும் என்பதை இப்போதே எழுதிக் கொடுப்பேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு என்ன விலை என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன்.

#5 உசிலம்பட்டிப் பொண்ணு

நன்றி அண்ணே. நாங்கள் ராத்திரி மூணு மணிக்கு நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மொட்டு எடுக்கப் போவோம். அந்த நேரத்தில் அப்பாவுக்கும் அன்றைய விலை தெரியாதுதான். பறித்து அனுப்பிவிட்டு, கடையிலிருந்து போன் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். நீங்கள் சொன்ன பிறகுதான் இது இரண்டு கணக்கு என்று புரிகிறது.

#6 திருமங்கலம் டீச்சர்

வேதியியல் பாடம் எடுக்கிறவள் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாணவர்கள் பலருக்கும் வாலடைல் என்றால் சீக்கிரம் கொதிப்பது என்ற எண்ணம் இருக்கிறது. கொதிக்கவே வேண்டியதில்லை. அறை வெப்பநிலையில் ஒரு பொருளின் மூலக்கூறுகள் எவ்வளவு சுலபமாக மேற்பரப்பை விட்டுக் காற்றுக்குப் போகின்றன என்பதுதான் விஷயம். இதைக் காட்டும் அளவுக்கு ஆவி அழுத்தம் என்று பெயர். ஈதர் சுமார் 35 டிகிரியிலும் அசிட்டோன் 56 டிகிரியிலும் கொதிக்கும். ஆனால் மல்லிகையின் மணத்தில் முக்கியமான லினலூல் கொதிப்பது 198 டிகிரி வாக்கில், பென்சைல் அசிட்டேட் 212 வாக்கில், இண்டோல் 250க்கும் மேலே. இவை எல்லாம் தண்ணீரைவிட அதிக வெப்பத்தில் கொதிப்பவை. ஆனாலும் நம் மூக்குக்கு வந்து சேர்கின்றன. ஏனென்றால் கொதிக்காமலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்துகொண்டே இருக்கின்றன, அந்தக் கொஞ்சமே நம் மூக்குக்குப் போதும். நாம் வாசம் என்று சொல்வதெல்லாம் வாலடைல்தான். ஆவியாகாத பொருளுக்கு வாசனை இருக்க முடியாது.

உசிலம்பட்டிப் பொண்ணு, உங்கள் தோட்டத்திலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். விடியுமுன் பறிக்கிற மொட்டில் மணம் அவ்வளவாக இருக்காது. இருட்டுகிற நேரத்தில் இதழ் விரியும்போதுதான் அந்த வேதிப்பொருட்கள் நிறைய வெளியேறும். சென்ட் ஃபேக்டரிக்காரர்கள் காலையில் வாங்கின மொட்டை உடனே கொப்பரையில் போடாமல் தரையில் பரப்பி வைத்துச் சாயங்காலம் மலரும் வரை காத்திருப்பது இதற்காகத்தான். மலர்ந்த பிறகு ஹெக்சேன் போன்ற கரைப்பானில் மணத்தைப் பிரித்து எடுப்பார்கள். நீராவியில் காய்ச்சினால் மல்லிகையின் மென்மையான மணம் சூட்டில் கெட்டுவிடும்.

ஆக மதுரை மல்லியைப் பொறுத்தவரை வாசமும் வாலடைல், விலையும் வாலடைல். ஒரே பூவில் இந்தச் சொல்லின் பழைய பொருளும் புதுப் பொருளும் இருக்கிறது. பேப்பர்காரர் அதை நினைத்து எழுதினாரோ என்னவோ, எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

#7 நாட்டுமருந்து

சோழவந்தான் ஐயா ரசவாதம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் பக்கத்திலும் இதே எண்ணம் ஓடியிருக்கிறது.

அமரகோசம் என்ற பழைய வடமொழி அகராதியில் பாதரசத்துக்கான பெயர்களில் ஒன்று ‘சபல’. சபல புத்தி, சபலம் என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதே சொல். ஓரிடத்தில் நில்லாதது, அலைபாய்வது. பாதரச மருந்துகளைச் சொல்லும் ரசசாஸ்திர நூல்கள் பாதரசத்தின் தோஷங்களைப் பட்டியல் போடும்போது சாஞ்சல்யம், அதாவது நிலையாமை, ஒன்று. அசஹ்யாக்னி, அதாவது தீயைத் தாங்காமல் போய்விடுவது, இன்னொன்று. சித்த மருத்துவத்தில் ‘ரசத்தைக் கட்டுவது’ என்பார்கள். ஓடுகிற ரசத்தை ஓடாமல் நிறுத்துவதற்குத்தான் அத்தனை பாடும். ஐரோப்பாவில் சிறகு வரைந்தார்கள். இங்கே மனித மனசின் பெயரையே ரசத்துக்கு வைத்தார்கள்.

ஆங்கிலத்தில் ‘மெர்க்யூரியல்’ என்றும் ஒரு சொல் உண்டு. திடீர் திடீரென மனநிலை மாறுகிறவர்களைச் சொல்வது. அதுவும் பாதரசத்தின் பெயர்தான், அந்தப் பெயர் ரோமானியரின் மெர்க்குரி என்ற தெய்வத்திடமிருந்து புதன் கிரகத்துக்கும் உலோகத்துக்கும் வந்தது. தேர்வில் வாலடைலுக்குப் பக்கத்தில் இதைப் பார்த்தால் தயங்காமல் குறியுங்கள் தங்கச்சி.

#8 மேலூர் செட்டர்

வாலிபால் எங்கள் ஊர் உயிர் மூச்சு, அதனால் ஒரு வார்த்தை. வாலி என்பதும் அதே ‘வோலாரே’ குடும்பம். பிரெஞ்சில் ‘வோலே’ என்றால் பறத்தல், கூட்டமாகப் பறந்து போவது. பந்து தரையைத் தொடாமல் காற்றிலேயே இருக்கும்போது அடிப்பது வாலி. 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது மின்டனெட் என்றுதான் பெயர் வைத்தார். மறு வருஷம்தான் வாலிபால் என்று மாற்றினார்கள்.

#9 கோடிங் தம்பி

எங்கள் கம்ப்யூட்டர் துறையில் இந்தச் சொல் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டாவதுதான் அக்கா கேட்ட கேள்விக்கு ரொம்பப் பக்கம்.

முதலாவது வாலடைல் மெமரி. கரண்ட் போனால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும், ராம் அப்படித்தான். இது பழைய பொருள், ஆவியாகிப் போவது. கரண்ட் இல்லாவிட்டால் அது அழியும் என்பது நூற்றுக்கு நூறு தெரிந்த விஷயம். முன்கூட்டிச் சொல்ல முடியாதது என்று இங்கே போட்டால் தப்பாகிவிடும்.

இரண்டாவது சி என்கிற புரோகிராம் மொழி. 1989இல் அதற்கு வந்த ஆன்சி தரத்தில் ‘வாலடைல்’ ஒரு கீவேர்ட். ஒரு வேரியபிளுக்கு (மதிப்பை வைத்திருக்கும் பெயருக்கு) முன்னால் அதைப் போட்டால், நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலருக்கு நாம் சொல்வது இதுதான்: “இதன் மதிப்பு உன் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் மாறும். ஒரு தடவை படித்ததை வைத்துக்கொண்டு அதுவே இருக்கும் என்று எண்ணாதே. ஒவ்வொரு தடவையும் போய்ப் படி.” மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சென்சார் மூலம் படிக்கிற ஒரு சின்ன போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமுக்குள் எந்த வரியும் அந்த எண்ணை மாற்றவில்லை என்பதால் கம்பைலர் வேலையைக் குறைக்க நினைத்து முதல் அளவையே திரும்பத் திரும்பக் கொடுத்துவிடும். தொட்டி நிரம்பி வழியும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வாலடைல் என்று அறிவித்தால்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கும்.

பூக்கமிஷன் அண்ணன் சொன்ன காலை விலையும் இதுதானே? ஆறு மணிக்குக் கேட்ட விலை ஏழு மணிக்கு உதவாது, மறுபடி கேட்க வேண்டும்.

#10 வைகைக்கரை

எல்லாம் சுவாரசியமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். வேகமாகவும் எதிர்பாராமலும் மாறக்கூடியது, பெரும்பாலும் மோசமான பக்கமாக மாறக்கூடியது என்றுதான் போட்டிருக்கிறது. ‘எதிர்பாராமல்’ என்பது அதிலேயே இருக்கும்போது கைடு போட்டதில் என்ன குறை?

#11 செக்கானூரணி

குறை இல்லை, பாதிதான் இருக்கிறது. அகராதி ‘வேகமாக’ என்பதை முதலில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். அன்பிரடிக்டபிள் என்ற சொல்லில் வேகம் என்பதே கிடையாது. அதன் வேர் லத்தீனில் ‘பிரே’, ‘டிகேரே’. முன்னால் சொல்வது. அது நம் அறிவைப் பற்றிய சொல், நம்மால் சொல்ல முடியுமா முடியாதா என்பது. வாலடைல் பொருளின் குணத்தைப் பற்றிய சொல். அது நில்லாது, பறக்கும், சட்டென்று மாறும். நாம் அதை முன்கூட்டிக் கணிக்கிறோமா இல்லையா என்பது அடுத்த விஷயம்.

நான் பங்குச்சந்தையில் வேலை பார்க்கிறேன். அங்கே இந்த வித்தியாசம் சோறு போடுகிற விஷயம். வாலடிலிட்டி என்பதை அங்கே எண்ணால் அளக்கிறோம். தினசரி லாப நஷ்ட சதவீதம் அதன் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதுதான் அளவு. ஒரு பங்கு தினமும் ஒரே அளவு சதவீதம் ஏறிக்கொண்டே போனால் அதன் வாலடிலிட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். விலை எவ்வளவு உயரத்துக்குப் போயிருந்தாலும் சரி. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை இந்த எண் சொல்லாது, எவ்வளவு ஆடுகிறது என்பதை மட்டும் சொல்லும். 1973இல் வந்த பிளாக் – ஷோல்ஸ் சூத்திரத்தில் ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலையைத் தீர்மானிக்கிற முக்கியமான எண் இதுதான். நம் தேசியப் பங்குச்சந்தை 2008இலிருந்து இந்தியா விக்ஸ் என்ற குறியீட்டை வெளியிடுகிறது. வரப்போகும் முப்பது நாளில் நிஃப்டி என்ற பங்குக் குறியீடு எவ்வளவு ஆடும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதைச் சொல்லும் எண் அது.

இதைவிட முக்கியமான ஒன்று. ராபர்ட் எங்கிள் என்ற பொருளாதார அறிஞர் 1982இல் ஒரு கணக்கு முறையைக் கொண்டுவந்தார். அதற்காக 2003இல் நோபல் பரிசும் பெற்றார். விலை எந்தப் பக்கம் போகும் என்பதைக் கணிப்பது ரொம்பக் கடினம். ஆனால் ஆட்டத்தின் அளவு கூட்டம் கூட்டமாக வரும். பெரிய ஆட்டத்துக்குப் பின்னால் பெரிய ஆட்டம், அமைதிக்குப் பின்னால் அமைதி. அதனால் வாலடிலிட்டியையே ஓரளவு முன்கூட்டிக் கணிக்கலாம். வாலடைல் என்றால் அன்பிரடிக்டபிள் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த வாக்கியமே அபத்தமாகிவிடும். ஆனால் இதை வைத்து உலகம் முழுக்க வியாபாரம் நடக்கிறது.

உசிலம்பட்டித் தங்கச்சி, உங்கள் அப்பாவும் அதையேதான் சொல்லியிருக்கிறார். தை மாசம் மல்லி விலை ஆடும் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு எங்கே நிற்கும் என்பதுதான் தெரியாது.

#12 பூக்கமிஷன்

செக்கானூரணி சார் சொன்ன ‘பெரிய ஆட்டத்துக்குப் பின்னால் பெரிய ஆட்டம்’ எங்கள் மார்க்கெட்டிலும் உண்டு. முகூர்த்த வாரத்தில் ஒரு நாள் விலை எகிறினால் அந்த வாரம் முழுக்கத் தூங்க முடியாது. ஆடியில் கல்யாணம் இல்லாத வாரங்களில் வெள்ளிக்கிழமைக்குக் கொஞ்சம் ஏறும், மற்றபடி ஒரே சீராகக் கிடக்கும்.

#13 உசிலம்பட்டிப் பொண்ணு

இப்போது நன்றாகவே விளங்குகிறது. அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சபலம் வந்ததும் சிரித்துவிட்டு, “பூ மொட்டைச் சொல்றாகளா, வியாபாரியச் சொல்றாகளா?” என்று கேட்டார்.

கடைசியாக ஒன்று. தேர்வில் நாலு விடைகளில் அன்பிரடிக்டபிள், எர்ராட்டிக், ஃபிக்கிள் என்று கலந்து கொடுத்தால் எதைக் குறிப்பது? இன்டர்வியூவில் இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது? வாலட்டில் என்கிறார்கள், வாலடைல் என்கிறார்கள்.

#14 சோழவந்தான் வாசகர்

வாக்கியத்தைப் பாருங்கள் அம்மா. ஃபிக்கிள் என்றால் அடிக்கடி மனம் மாறுவது, பெரும்பாலும் மனிதருக்கும் அவர்கள் அன்பு, ஆதரவு, விசுவாசத்துக்கும் வரும். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் வஞ்சகமானது, அந்தக் கறை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. எர்ராட்டிக்கின் வேர் லத்தீன் ‘எர்ராரே’, திரிவது. ஒழுங்கில்லாமல் வருவதும் போவதுமாக இருப்பதற்கு அது: ஒரு வருஷம் பெய்து இரண்டு வருஷம் பொய்க்கிற மழை, வந்து வந்து போகிற கரண்ட். விலை, சந்தை, சட்டென்று வெடிக்கக்கூடிய கோபம், பதற்றமான ஊர் நிலவரம் என்றால் வாலடைல். ஒத்த பொருள் கேட்கும்போது ஃபிக்கிள், எர்ராட்டிக் இரண்டும் இல்லாமல் அன்பிரடிக்டபிள் ஒன்றுதான் பக்கத்தில் இருக்கிறது என்றால் அதையே குறியுங்கள். கைடு சொன்னதும் தேர்வுக்குச் சரிதான்.

#15 திருமங்கலம் டீச்சர்

உச்சரிப்புக்கு நான் சொல்கிறேன். பிரிட்டிஷ் வழக்கில் கடைசி அசை ‘டைல்’. அமெரிக்கர்கள் அதைச் சுருக்கி ‘டல்’ என்பதுபோல் முடிப்பார்கள். இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில், ‘வா’வில். நம் நாட்டில் பிரிட்டிஷ் வழக்கே பரவலாக இருப்பதால் வாலடைல் என்றே சொல்லுங்கள். வாலடிலிட்டி என்று நீளும்போது மட்டும் அழுத்தம் ‘டி’க்குப் போய்விடும். அதை நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். தேர்வுக்கு வாழ்த்துகள்.